பச்சைப் புள்ளி

மடத்துக்கு வந்தால் முதலில் விழுந்து கும்பிடுவது ஆவுடையப்பனின் வழக்கம். அன்றைக்குக் கும்பிடவில்லை. தோள்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டார்.

"நாளைக்குப் பதினாறாம் நாள் காரியம்மா. செத்துப்போனவனோட அம்மா முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்றது?"

சிவஞானவல்லி முற்றத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். மடத்துக்குத் தலைவி. ஆவுடையப்பனைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். ஆனாலும் அங்கே வருகிற எல்லோருக்கும் அவர் அம்மாதான்.

"யார் செத்தது?"

"இசக்கிராஜ். என் டீம்ல இருந்தவன்."

வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் இன்ஷூரன்ஸ் பில்களைச் சரிபார்க்கும் வேலை. பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு அறை. அலுவலகம் என்று போய் உட்கார ஒரு கட்டடம் கிடையாது. ஆவுடையப்பன் அவர்களுக்கு மேலாளர். இசக்கிராஜின் சொந்த ஊரில் நெட் நிற்காது. அதனால் மதுரையில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தான். முப்பது வயதுகூட ஆகவில்லை. மாரடைப்பு.

"எப்போ தெரிஞ்சது?"

"மூணாம் நாள். நாத்தம் வந்து வீட்டுக்காரர் கதவை உடைச்சிருக்கார்."

"மூணு நாளா ஆள் வேலைக்கு வரலேன்னு உங்களுக்குத் தெரியலையா?"

"வந்த மாதிரிதாம்மா இருந்தது." ஆவுடையப்பனின் குரல் இறங்கியது. "திரையில ஒவ்வொருத்தர் பேருக்குப் பக்கத்துலயும் ஒரு புள்ளி இருக்கும். ஆள் இருந்தா பச்சை. கொஞ்ச நேரம் கை அசையலேன்னா மஞ்சள். அவன் புள்ளி பச்சையாவே இருந்தது. வேலைக் கணக்கை வாரக் கடைசியிலதான் பார்ப்போம்."

மவுஸைத் தானாக அசைத்துக்கொண்டே இருக்கும் ஒரு சின்னக் கருவியை இசக்கிராஜ் வாங்கி வைத்திருந்தான். தினமும் காலையில் 'அனைவருக்கும் இனிய காலை வணக்கம்' என்று டீம் குரூப்புக்குத் தானாகவே போய்ச் சேரும்படியும் செய்து வைத்திருந்தான். பிணம் தரையில் கிடக்க, இரண்டும் அவை பாட்டுக்குத் தங்கள் வேலையைப் பார்த்தன.

"அந்தக் கருவியை எதுக்கு வாங்கினான்?"

"ஏமாத்தத்தான்."

"யாரை?"

புள்ளி மஞ்சளானால் உடனே போன் போட்டு, எங்கே போனாய் என்று கேட்பவர் ஆவுடையப்பன்தான்.

"செத்தவன் சொன்ன வணக்கத்துக்கு யாராவது பதில் சொன்னீங்களா?"

"எல்லாரும் பூ போட்டாங்க. நான் கட்டைவிரல் போட்டேன்."

சிவஞானவல்லி அடுத்த காயை எடுத்தார்.

"நான் சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்கம்மா," என்றார் ஆவுடையப்பன். கோபம் வந்திருந்தது. "வெள்ளிக்கிழமைன்னா திரையிலேயே விளையாட்டு. பிறந்தநாள்னா கேக் வீட்டுக்கே போகும். மாசத்துல ஒருநாள் எல்லாரும் ஒரே கலர் சட்டை. எங்க டீம்தான் ரொம்ப ஒட்டுதலா இருக்குன்னு கம்பெனியில பரிசே கொடுத்தாங்க."

"போன மாசம் இசக்கிராஜ் என்ன கலர் சட்டை போட்டிருந்தான்?"

"அவன் கேமரா போட மாட்டான்."

"கேக் சாப்பிட்டானா?"

"டெலிவரி ஆயிடுச்சுன்னு மெசேஜ் வந்தது."

"உங்களுக்கு."

"ஆமா, எனக்கு."

"பரிசு என்ன கொடுத்தாங்க?"

"ஒரு கோப்பை." சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். "இந்தப் புள்ளி, போன் எல்லாம் நான் கண்டுபிடிச்சதில்லம்மா. மேல இருந்து வர்ற உத்தரவு."

"மேல இருந்தவங்களா இசக்கிராஜுக்குப் போன் போட்டாங்க?"

ஆவுடையப்பன் அப்படியே முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்தார். "அவன் அம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? 'கடைசியா என் பிள்ளை எப்படிய்யா இருந்தான்? மெலிஞ்சிருந்தானா? மேனேஜர்கிட்டதாம்மா தினமும் பேசறேன்னு சொல்வானே.' நேர்ல வந்து சொல்றேன்னு போனை வச்சுட்டேன். நாளைக்குப் போகணும்."

சிவஞானவல்லி எழுந்தார். "வாங்க."

முற்றத்துக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. ஜன்னல் இல்லை. மௌனத்தில் உட்கார விரும்புகிறவர்களுக்கான அறை.

"உள்ளே போய் இருங்க. நான் அப்பப்போ கதவைத் தட்டுவேன். நீங்க திருப்பித் தட்டணும். பேசக் கூடாது."

"எதுக்கும்மா இது?"

"நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

வெளியே தாழ் விழுந்தது.

முதல் தடவை சத்தம் கேட்டதும் ஆவுடையப்பன் எழுந்து போய்ப் பட்டென்று தட்டினார். இரண்டாவது தடவையும் அப்படித்தான். அதன் பிறகு இருட்டு நெருக்க ஆரம்பித்தது. இசக்கிராஜின் முகத்தை நினைத்துப் பார்த்தார். பெயரின் முதல் எழுத்து போட்ட ஒரு வட்டம்தான் வந்தது. குரலை நினைத்துப் பார்த்தார். 'யெஸ் சார்' என்பது வந்தது. அதுவும் அவனுடையதுதானா, இல்லை மற்ற பதினொரு பேரில் ஒருவருடையதா என்று பிடிபடவில்லை. ஆறு வருடப் பழக்கத்தில் அவரிடம் இருந்தது அவ்வளவுதான்.

தரையில் சுருண்டு படுத்து, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதார். எப்போது இப்படி அழுதோம் என்று அவருக்கே நினைவில்லை.

கதவில் சத்தம் கேட்டது.

எழுந்திருக்கத் தெம்பில்லை. தட்டாவிட்டால் அம்மா என்ன நினைப்பாரோ என்றும் இருந்தது. கிடந்த வாக்கிலேயே காலை நீட்டிக் குதிகாலால் கதவைத் தட்டினார். சத்தம் சரியாகத்தான் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் குதிகால்தான் பதில் சொன்னது. அவர் அழுகையை நிறுத்தவே இல்லை.

தாழ் திறந்தபோது வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வாசலில் சிவஞானவல்லி நின்றிருந்தார்.

"நல்லா இருந்தீங்க போல," என்றார். "ஒரு தடவைகூடப் பதில் தவறல. நானும் நிம்மதியா சமையலை முடிச்சேன்."

"உள்ளே நான் செத்துக்கிட்டு இருந்தேம்மா."

"தட்டினீங்களே."

"காலால தட்டினேன். படுத்துக்கிட்டு. அழுதுக்கிட்டு."

"காலா கையான்னு எனக்கெப்படித் தெரியும்?"

ஆவுடையப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகமெல்லாம் ஈரம். பதினைந்து வயது இளையவரிடம் ஒருநாளும் பேசாத குரலில் பேசினார்.

"திறந்து பார்த்திருக்கலாமே. ஒரே ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாமே நீங்க. உள்ளேயிருந்து என்னால திறக்க முடியாது. தாழ் உங்க பக்கம்தானே இருந்தது."

"ஆமா," என்றார் சிவஞானவல்லி. "என் பக்கம்தான் இருந்தது."

ஆவுடையப்பன் கையை நீட்டி அந்தத் தாழைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, கேட்கவே பயந்தவர்போல் கேட்டார்.

"அந்த அம்மாகிட்ட நான் என்ன சொல்றது?"

"தட்டினேன், பதில் வந்ததுன்னு சொல்லுங்க."