கருப்பு இளவரசனோட உள்சட்டை

ஒரு ஊர்ல ஒரு ராஜா பையன் இருந்தானாம். நம்ம ஊர் இல்ல, கடலுக்கு அந்தாண்ட, வெள்ளைக்காரங்க ஊரு. பேரு ராஃப். ஆளு சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு. ஆனா ஊரே அவனைக் கருப்பு இளவரசன்னுதான் சொல்லுச்சாம். 'ம்' சொல்லு அமுதி. இப்போ சொன்னது நீயா, உங்கண்ணனா? சரி.

கருப்புன்னா ஒண்ணும் குறைச்சல் இல்ல, உங்க அத்தை நானும் கருப்புதான். ஆனா வெளுப்பா இருக்கறவனை ஏன் அப்படிச் சொல்லணும்? எனக்கே சந்தேகமா இருக்கு, அவனுக்கு இருக்காதா? சண்டைக்குப் போய்ட்டு வந்ததுலேருந்துதான் இந்தப் பேரு. வெச்சது யாருன்னு தெரிஞ்சா தலையை எடுத்துடுவேன்னுட்டான்.

அப்போ மந்திரி, உங்க இரும்புக் கவசம் கருப்பு, அதனாலதான்னாராம். உடனே கவசத்தைப் பளபளன்னு தேய்க்கச் சொல்லிப் போட்டுக்கிட்டு, ணங் ணங்குனு கடைத்தெருவுல போனான். முதுகுக்குப் பின்னாடி குசுகுசுன்னு அதே பேரு. அப்புறம் கருப்புக் குதிரையை விட்டுட்டு வெள்ளைக் குதிரைல டக்கு டக்குனு போனான். அதே குசுகுசு. அப்புறம் கொடியை மாத்தினான், வெள்ளைக் கொடி படபடன்னு பறந்துச்சு. ஊஹூம்.

தூங்கிட்டியா? கண்ணு மூடியிருக்கு, ஆனா கால் ஆடுதே.

அப்புறம் அவனுக்கு மந்திரி மேலயே சந்தேகம். ஒட்டுக்கேக்க ஆள் வெச்சான். அந்த ஆளுங்க ஆவிஸ்னு ஒரு சலவைக்காரியைப் பிடிச்சுட்டு வந்து, இவதான் ஆத்தங்கரைல அந்தப் பேரை முதல்ல சொன்னவன்னாங்க. பாவம், வீட்டுல ரெண்டு சின்னப் புள்ளைங்க அவளுக்கு. அவ கைல ஒரு ஈரத் துணி, சண்டைல இளவரசன் கவசத்துக்குள்ள போட்டிருந்த சட்டை.

"மூணு தடவை வெள்ளாவி வெச்சேன் எஜமான். கவசத்து எண்ணெய்க் கறை போயிடுச்சு. வீடு எரிஞ்ச கரி போகல."

கேட்டியா? சண்டைன்னு போனவன் ஊர் ஊரா வீட்டைக் கொளுத்தியிருக்கான். உன்னை மாதிரி புள்ளைங்க தூங்கற வீட்டை.

இளவரசன் மெதுவா, "கவசத்தாலதான் அந்தப் பேருன்னு சொல்லு, உன்னை விட்டுடறேன். வேற வார்த்தை வந்துச்சோ, தலை இருக்காது"ன்னான். ஆவிஸ் தலையாட்டிட்டு வந்துட்டா.

அந்த ஊர்ல துவைச்ச துணியை ரோட்டோர வேலிச் செடி மேலதான் காயப் போடுவாங்க. அரண்மனைத் துணிக்குத் தனி இடம், எல்லாருக்கும் தெரியும். ஆவிஸ் அந்தச் சட்டையை அங்க கொண்டுபோய் விரிச்சுப் போட்டா. சந்தைக்குப் போற ஜனமெல்லாம் நின்னு பாத்துச்சு. இளவரசனுக்கு ஏன் அந்தப் பேருன்னு கேட்டவங்களுக்கெல்லாம், கவசத்தாலதான்னு சொன்னா. அவளை என்னன்னு பிடிப்பாங்க? சொல்லிட்டு, சட்டையைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கத்துக் கரியையும் காட்டினா.

கதை இவ்ளோதான், கண்ணை நெசமாவே மூடித் தூங்கு.