வளைவின் கீழே பதினோரு வருடம்

"சாமி, எந்தக் கூரைக்குக் கீழயும் என்னால நிக்க முடியல."

கஸ்பார் மேஸ்திரி இதைச் சொல்லும்போது இடிந்த மாதா கோவிலுக்கு வெளியே, மணலில் நின்றிருந்தார். வயது அறுபத்திரண்டு. நாற்பது வருடம் வீடு கட்டியவர். போன வருடம் ஒரு வேலையில் தளம் சரிந்து, மைத்துனர் அவர் கண்ணெதிரே நசுங்கிச் செத்தார். அன்றிலிருந்து மேஸ்திரிக்குப் படுக்கை முற்றத்தில்தான். மழை வந்தால் குடை.

உள்ளே, பீடத்துக்கு முன்னாலிருந்த பெரிய கல் வளைவின் கீழே உட்கார்ந்திருந்தார் சந்நியாசி ரபாயேல். மேஸ்திரியைவிட இருபது வயது இளையவர். பதினோரு வருடமாக அதே இடத்தில் ஜெபம். காற்றடித்தாலும் எழுந்திருக்க மாட்டார். கடற்கரை ஊர்களில் அவருக்குப் பெயரே அஞ்சாத சாமி.

"உள்ள வாங்கண்ணே."

"முடியல சாமி. பயத்தை எப்படி விடுறதுன்னு சொல்லுங்க. இங்கேருந்தே கேட்டுக்கிடுதேன்."

"இந்தக் கோவில் எப்படி நிக்குதுன்னு முதல்ல பார்த்துச் சொல்லுங்க."

மேஸ்திரி கோவிலைச் சுற்றி வந்தார்.

வடக்குச் சுவர்தான் மூத்தது. கடல்பாறைக் கல்லும் சிப்பிச் சுண்ணாம்பும். முதலில் சின்னக் கோவிலாக இருந்திருக்கிறது. சனம் பெருகியதும் பழைய சுவரை அறுத்து, வளைவு கொடுத்து, நீட்டியிருக்கிறார்கள். தெற்குச் செங்கல் சுவர் அப்போது வந்தது. அதற்கும் பிறகு யாரோ ஆசைப்பட்டு, வளைவின் தோளில் மணிக்கோபுரத்தை ஏற்றிவிட்டார்கள்.

இவ்வளவு பாரத்திலும் இரண்டு சுவர்களும் விலகாமல் நின்றது, மேலே குறுக்கே கிடந்த உத்திரங்களால். புயல் ஒன்றில் கூரை போனது. உத்திரங்களும் போயின. ஊர் கடலைவிட்டு உள்ளே தள்ளிக் குடிபோனது. உத்திரம் செருகிய குழிகள் மட்டும் சுவரில் வரிசையாகத் திறந்து கிடந்தன.

அதைப் பார்த்ததும் மேஸ்திரி பையைத் திறந்தார். சாய்வு பார்க்கும் தூக்குக்குண்டைச் சுவரோரம் தொங்கவிட்டார். வடக்குச் சுவர் நாலு விரற்கடை வெளியே சாய்ந்திருந்தது.

"சாமி, வெளிய வந்திருங்க. சுவர் விலகுது."

"நானூறு வருசமா நிக்குது."

"உத்திரத்தோட நின்னுச்சு. இப்ப உத்திரம் இல்ல."

சந்நியாசி சிரித்தார். "அது சுவர் இல்லண்ணே. உங்க பயம்."

மேஸ்திரி குண்டின் கயிற்றைச் சுருட்டினார். இருக்கலாம் என்று தோன்றியது. இப்போதெல்லாம் அவருக்குக் கோழிக்கூண்டுகூட இடிந்துவிழுவதாகத்தான் தெரிகிறது.

இரண்டு நாள் அடைமழை. மூன்றாம் நாள் காலையில் வந்து மறுபடி குண்டைத் தொங்கவிட்டார். அஞ்சு விரற்கடை. தப்பாக அளந்தோமோ என்று இன்னொரு தரம் பிடித்தார். அஞ்சுதான்.

வளைவின் உச்சியில், நடுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு திறந்திருந்தது. அதிலிருந்து சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்து சந்நியாசியின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தார்.

"சாமி!"

கேட்கவில்லை. கடல் இரைச்சல்.

கல்லுக்குள் பல் கடிப்பதுபோல ஒரு சத்தம். மைத்துனர் செத்த அன்று கேட்ட அதே சத்தம். மேஸ்திரிக்குத் தொடை நனைந்துவிட்டது. வாசல்படியில் அவர் கால் ஒட்டிக்கொண்டு நின்றது.

அடுத்து அவருக்குத் தெரிந்ததெல்லாம், கையில் ஒரு காவித்துணி. அதைப் பிடித்துச் சந்நியாசியை இழுத்தபடி மணலில் ஓடிக்கொண்டிருந்தார்.

பின்னால் வளைவு இறங்கியது. கோபுரம் அதன்மேல் இறங்கியது.

புழுதி அடங்க வெகுநேரமாயிற்று. பீடத்துக்கு முன்னால் ஓர் ஆள் உயரத்துக்குக் கல் குவிந்து கிடந்தது.

சந்நியாசி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பற்கள் கிட்டிப்போய், உடம்பு உதறியது. பதினோரு வருடத்தில் முதல் தடவை.

"அண்ணே," என்றார் கடைசியில். "உங்களுக்குப் பயம் விட்டுப்போச்சா?"

"எங்க சாமி! இந்தா பாருங்க." மேஸ்திரி கால்களைக் காட்டினார். இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

"அப்பவும் இருந்துச்சா? உள்ள வரும்போது?"

"அப்பத்தான் ரொம்ப."

சந்நியாசி எழுந்தார். மேஸ்திரிக்கு எதிரே வந்து, மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குச் சொல்லிக் குடுங்கண்ணே."