மலையேறிப் போன தூக்கம்

ஒரு மலையூர்ல ஒரு பெரிய தொண்டைக்காரி இருந்தாளாம். பேரு மயிலாத்தா. காலை ஆட்டாதே, போர்வை நழுவுது பாரு. அவ வேலையே கத்துறதுதான். பூண்டுத் தோட்டத்துல காட்டுமாடு இறங்குச்சுன்னா ஊரே அவளைத்தான் கூப்பிடும். "ஹோ...ய்!"னு ஒரு சத்தம் போடுவா. திடுதிடுதிடுன்னு அத்தனை மாடும் காட்டுக்குள்ள ஓடிடும்.

"ம்ம்!"

அப்புறம் அவளுக்கு ஒரு பொம்பளப்புள்ள பொறந்துச்சு. ஆனா தூங்கவே மாட்டேங்குது! உன்னை மாதிரிதான், வேற யாரு? மயிலாத்தா தாலாட்டு பாடினா, பாதிக் கண்ணை மூடின புள்ளையும் வீல்னு அலறும். அழுதழுது பாலும் குடிக்காம இளைச்சுப் போச்சு. பெத்த வயிறு பதறாதா?

அவ புருஷன் சடையனுக்கு ஒரு நாள் கோவம் வந்துடுச்சு. "உன் சத்தத்துக்குப் பயந்து புள்ளையோட தூக்கம் மலையேறிப் போயிடுச்சுடி!"ன்னான். அவன் ஏதோ கடுப்புல சொன்னான். இவ நெசம்னே நம்பிட்டா. "அப்ப நான் போய்க் கூட்டிட்டு வரேன்"னு புள்ளையை முதுகுல கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா. ம் சொல்லு.

"ம்."

அந்த மலையில மேல போகப் போக மரமே கிடையாது. எங்க பார்த்தாலும் புல்லு. ஒரு குருவி கூடக் கத்தாது. ஏறுறா, ஏறுறா... அப்போ உய்ய்ய்னு காத்து வந்து தலைத்துண்டைப் பிடுங்கிட்டுப் போச்சு. "அடச்சீ, குடு!"ன்னு கத்திட்டா. உடனே சரசரசரன்னு புல்லுக்குள்ள ஏதோ மேல ஓடுச்சு. ஐயோ, அதுதான் தூக்கம்! சட்டுனு வாயைப் பொத்திக்கிட்டா.

அப்புறம் மேகம் இறங்கிடுச்சு. தன் கையே தனக்குத் தெரியலை. பயத்துல "யாராச்சும் இருக்கீங்களா?"ன்னா, பாதிச் சத்தத்துலதான். சரசர... அது இன்னும் கொஞ்சம் மேல ஓடுச்சு. அவளுக்கு அழுகையே வந்துடுச்சு. செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு மெத்து மெத்துன்னு நடந்தா.

"...ம்."

உச்சிக்கு வந்தா மேகம் விலகுச்சு. எதிர்க்க, அம்மாடி, ஒரு காட்டுமாடு! கன்னுக்குட்டியோட! புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுது. மயிலாத்தாவுக்குத் தொண்டை வரைக்கும் "ஹோய்" வந்துடுச்சு. ஆனா படுத்திருக்கிற கன்னுக்குட்டி மேல தலையை வெச்சு, வெள்ளை முயலாட்டம் ஒண்ணு கிடக்கு. அதான் தூக்கம்! கத்தினா அதுவும் ஓடிடும். கத்தாட்டி மாடு முட்டிடும். என்ன பண்ணுவா பாவம்?

அந்த "ஹோய்"யை அப்படியே முழுங்கிட்டுப் புல்லுல உக்காந்துட்டா. புள்ளையை மடியில போட்டு, அவளுக்கே கேக்காத ஒரு குட்டிக் குரல்ல சொன்னா, "நானும் புள்ளக்காரிதான் தாயி."

மாடு அவளைப் பார்த்துச்சு. புள்ளையைப் பார்த்துச்சு. அப்புறம் தலையைக் குனிஞ்சு கறுக்... கறுக்...னு மேய ஆரம்பிச்சுடுச்சு. அந்த முயலும் மெதுவா எழுந்து வந்து, புள்ளையோட இமை மேல ஏறிப் படுத்துக்கிச்சு. புள்ள ஒரு கொட்டாவி விட்டுச்சு. கண்ணை மூடிக்கிச்சு. மயிலாத்தா சந்தோஷத்துல அழுதா, சத்தமே இல்லாம.

அன்னைக்கு வெயில் சாய மலையிறங்கினா. அப்புறமும் தோட்டத்துல கத்தத்தான் செஞ்சா. ஆனா தொட்டில்கிட்ட வந்துட்டா அந்தக் குட்டிக் குரல்தான். இந்தா, இப்ப நான் பேசுறேனே, இந்த மாதிரி. இன்னும் சின்னதா... இன்னும்...

ம் சொல்லு.

சொல்ல மாட்டியா?

சரி, சொல்லாதே. கதை மலையேறிடுச்சு, தூக்கம் இறங்கி வந்துடுச்சு.