உடைந்த ஓலை வரும்வரை

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டைக் கோப்பரையன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் மனசு ஒரு நிலையில் நிற்காது. காலையில் போட்ட ஆணையை மத்தியானம் மாற்றுவான், சாயங்காலம் இரண்டையும் மறந்திருப்பான்.

அவன் கோட்டைக்கு நாலு வாசல், வாசலுக்கு ஒரு நீதிபதி. ராஜாவின் ஆணைகளெல்லாம் ஓலையில் எழுதப்பட்டுக் குன்றின்மேல் இருந்த ஏட்டு மண்டபத்தில் கிடந்தன. ஒரு வழக்கு வந்தால் ஆள் மலையேறிப்போய் உரிய ஓலையைத் தேடி எடுத்துவர அரை நாள் ஆகும். ஜனங்கள் வெயிலில் காத்துக் கிடந்தார்கள்.

இதைச் சரிசெய்தவர் மந்திரி நல்லாதனார். ஒவ்வொரு நீதிபதியின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சின்னப் பெட்டி வைத்தார். அடிக்கடி வேண்டியிருக்கும் ஓலைகளின் நகல் அதில் இருக்கும். கோட்டை நடுவில் நாலு பேருக்கும் பொதுவாக ஒரு பெரிய பெட்டகம். சின்னப் பெட்டியில் இல்லாதது அங்கே கிடைக்கும். அங்கேயும் இல்லாவிட்டால்தான் குன்றுக்குப் போகவேண்டும். வழக்குகள் மளமளவென்று முடிந்தன. ராஜா மந்திரிக்கு முத்துமாலை போட்டான். பக்கத்தில் நின்ற வில்லவராயர் என்ற பிரதானிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆறு மாதம் கழித்து அது நடந்தது.

சடையன் என்று ஒரு குயவன். ராஜாவின் ஊர்வலத்தில் யானை தும்மியதைப் பார்த்துச் சிரித்துவிட்டான். "நாட்டை விட்டுப் போ. திரும்பி வந்தால் தலை இருக்காது" என்று ஆணை. நாலு பெட்டியிலும் அந்த ஓலை ஏறியது. பிறகொரு நாள் கிழக்கு வாசலில் உட்கார்ந்திருந்த ராஜாவுக்கு மனம் இளகியது. "பாவம், வரட்டும்" என்றான். கிழக்கு நீதிபதி தன் ஓலையைத் திருத்தினார். மற்ற மூன்று பெட்டிகளில் பழைய ஓலையே இருந்தது. மன்னிப்புச் செய்தி கேட்டுச் சந்தோஷமாக வந்த சடையன், மேற்கு வாசலில் நுழைந்தான். நீதிபதி ஓலையைப் பார்த்தார். அன்று மத்தியானமே சடையனின் தலை போயிற்று.

செய்தி கேட்ட நல்லாதனார் நேரே அவைக்குப் போனார்.

"யார் குற்றம் இது?" என்று ராஜா கேட்டான்.

"தாங்கள் மனம் மாறியது கிழக்கு வாசலுக்கு மட்டும்தான் தெரியும், மகாராஜா. மற்ற வாசல்களுக்குத் தெரிய நான் வழி வைக்கவில்லை."

வில்லவராயர் முன்னால் வந்தார். "பிரபு, இதற்குப் பெரிய மூளை வேண்டாம். நாழிகைக்கு ஒருமுறை ஆட்களை அனுப்பி நாலு பெட்டியையும் ஒன்றுபோல ஆக்கிவிட்டால் போச்சு."

"அந்த ஒரு நாழிகைக்குள் ஏதாவது நடந்தால்?" என்றார் மந்திரி.

"ஒரு நாழிகையில் என்ன குடி முழுகிவிடும்?"

ராஜா முடிவாகச் சொன்னான். "நாளைக்கு ராயர் சொன்னபடி நடக்கட்டும். அதில் தப்புக் கண்டுபிடியுங்கள், மந்திரியாரே. முடியாவிட்டால் சடையன் போன வழி உங்களுக்கும்."

மறுநாள் மந்திரி ராஜாவின் காதில் ஏதோ சொன்னார். சிவப்புத் தலைப்பாகை கட்டியவரை வாசலில் நிறுத்தி வைக்கவேண்டும் என்று ஓர் ஆணை பிறந்து, நாலு பெட்டிக்கும் போயிற்று. ஆட்கள் திரும்பியதும் கிழக்கு வாசலில் ராஜா அதை ரத்து செய்தான். சிவப்புத் தலைப்பாகையோடு பக்கத்தில் நின்ற வில்லவராயரை, "மேற்கு வாசல்வரை போய்ப் பார்த்து வாரும்" என்று அனுப்பினான்.

ராயர் அங்கே ஒரு நாழிகை வெயிலில் கட்டுண்டு நின்றார். அடுத்த நாழிகைக்கான ஆள் வந்து பெட்டியைச் சரிசெய்த பிறகே விட்டார்கள். வேர்த்து வழிய அவைக்கு வந்தார்.

"ஆணை ரத்தாகிவிட்டது என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன், பிரபு. அந்த நீதிபதி காதிலேயே வாங்கவில்லை."

அவை சிரித்தது. நல்லாதனார் சிரிக்கவில்லை.

"சடையனும் அதைத்தான் சொல்லியிருப்பான்" என்றார்.

சிரிப்பு அப்படியே நின்றது. ராயர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போனார்.

"சரி, உங்கள் வழி என்ன?" என்று ராஜா மெல்லக் கேட்டான்.

"எந்த ஓலையின் நகல் எந்த வாசலில் இருக்கிறது என்று நடுப் பெட்டகத்துக்காரர் குறித்து வைக்கட்டும். ஒருவர் ஓலையைத் திருத்தவேண்டுமானால் முதலில் அவரிடம் சொல்லவேண்டும். அந்த நகல் உள்ள வாசல்களுக்கு மட்டும் ஆள் போகும். அவர்கள் தங்கள் நகலை உடைத்துத் துண்டைக் கொடுத்தனுப்பவேண்டும். துண்டுகள் எல்லாம் கைக்கு வந்த பிறகே எழுத்தாணியைத் தொடலாம். பிறகு யாருக்காவது அந்த ஓலை வேண்டுமானால் புதியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். தன்னிடம் இல்லை என்று தெரிந்தவன் கேட்பான், மகாராஜா. பழையதை வைத்திருப்பவன் கேட்கமாட்டான்."

இன்றைக்கு ஒரே கணினிச் சில்லுக்குள் பல செயலிகள் தங்கள் பக்கத்திலேயே கேச் என்ற சின்ன நினைவகத்தில் நகல்களை வைத்துக்கொண்டு வேலை செய்கின்றனவே, அவற்றுக்குள்ளும் ஏறக்குறைய இந்த ஏற்பாடுதான். ஒன்று எழுதுமுன் மற்றவற்றின் நகல் செல்லாததாகிவிடும்.

ராஜா மந்திரிக்கு ஒரு கிராமத்தை மானியமாகக் கொடுத்தான். அதைச் சடையனின் மனைவி செம்பாயி பேருக்கு மாற்றச் சொல்லிவிட்டு, நல்லாதனார் பட்டயத்தோடு அவள் வீட்டுக்கு நடந்தே போனார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

அவள் பட்டயத்தைத் தொடவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"கிழக்கு வாசலில் வந்திருந்தால் விட்டிருப்பாங்களா, சாமி?"

"விட்டிருப்பாங்க, தாயி."

"நான்தான் மேற்கால வரச் சொல்லி அனுப்பினேன். அதுதான் வீட்டுக்குக் கிட்ட. சீக்கிரம் வந்திருவாருன்னு."

நல்லாதனார் மண் தரையில் உட்கார்ந்தார். "தப்பு உன்மேல் இல்லை, தாயி. என்மேல்" என்றார். அவள் கேட்டமாதிரி தெரியவில்லை. மறுபடியும் சொன்னார். பொழுது சாயும்வரை அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.