சலுகை வாங்கிய ஜன்னல்

வெயிலுக்குப் பேர்போன ஊர் ஒன்றில், கோமதிநாயகம் வீட்டில், ஓர் ஏசி இருந்தது. வயது பன்னிரண்டு. அறை மேற்குப் பார்த்தது. பழைய மர ஜன்னலிலோ எங்கு பார்த்தாலும் சந்து. உள்ளே வரும் அனலையெல்லாம் ஒண்டியாகச் சமாளித்து ஏசி ஓய்ந்துபோயிருந்தது. "இன்னும் ஒரு கோடை தாங்காது" என்று மெக்கானிக் அதன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார். பாவம், அன்றிலிருந்து அதற்கு உயிர்ப்பயம்.

அந்த நேரம் பார்த்து, கரண்டை மிச்சப்படுத்தும் ஜன்னல் போட்டால் வரியில் சலுகை என்று அறிவிப்பு வந்தது. கோமதிநாயகம் விடுவாரா? மறுவாரமே இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வந்து இறங்கியது.

"இனிமே நீங்க கால நீட்டிப் படுங்க, பெரியவரே. வெயில நான் பாத்துக்கறேன்" என்றது ஜன்னல்.

ஏசிக்குச் சந்தோஷத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் கூடுதலாகவே வடிந்தது.

மத்தியானம் பழையபடி அனல் அடித்தது. ஏசி திரும்பிப் பார்த்தது. ஜன்னல் ஒரு விரல் அளவு சாத்தாமல் கிடந்தது. அந்தச் சந்தில் கேபிள் டிவி ஒயர் சாவகாசமாகப் படுத்திருந்தது.

"ஏம்ப்பா, கொஞ்சம் நகரக் கூடாதா?"

"நானாவா வந்து படுத்தேன்? பழைய ஜன்னல் வழியா வந்தவன இதுலயும் அப்படியே விட்டுட்டாங்க. சுவத்துல ஒரு ஓட்டை போட்டா அந்த வழியா போயிடுவேன். அஞ்சு நிமிஷ வேலை" என்றது ஒயர்.

"ஜன்னல் தம்பி, நீயாவது கொஞ்சம் சொல்லேன்!"

ஜன்னல் தன் மேல் ஒட்டியிருந்த 'சலுகை உண்டு' ஸ்டிக்கரைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டது. "எனக்கென்ன குறை? சலுகைக்காக ஆபீசர் காலையிலயே வந்தாரு, போட்டோ எடுத்தாரு, கையெழுத்துப் போட்டாரு. சாத்துறாங்களான்னு யாரும் கேக்கலையே!"

ஏசிக்கு அழுகை அழுகையாக வந்தது. சத்தம் போட்டாலாவது யாராவது அந்தச் சந்தைப் பார்க்க மாட்டார்களா என்று, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிக் கடகடவென்று அலறியது.

கோமதிநாயகமும் மனைவி உலகம்மாளும் ஓடி வந்தார்கள்.

"என்னங்க, புது ஜன்னல் போட்டும் இப்படி வேகுதே?"

கோமதிநாயகம் ஜன்னலை மேலும் கீழும் பார்த்தார். ஒயரைக்கூடப் பார்த்தார். ஏசி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"ஜன்னல்ல ஒரு குறையும் இல்ல. கவர்மெண்டே ஒத்துக்கிட்ட ஜன்னல்" என்றவர், ஏசி பக்கம் கையைக் காட்டினார். "இதுதான் போயிடுச்சு. புது ஏசிக்கும் சலுகை உண்டான்னு விசாரிப்போம்."