பானை புதைச்ச மேடை

ஒரு ஊர்ல ஒரு நாடகக் கொட்டகை இருந்துச்சாம். காலை ஆட்டாம கேளு. தேக்குத் தூணு, சுண்ணாம்புச் சுவரு, உச்சியில வரிசையா ஜன்னலு. மேடைப் பலகைக்கு அடியில என்ன இருந்துச்சு தெரியுமா? பானை! நாப்பது காலிப் பானையைப் புதைச்சு வச்சிருந்தான் அதைக் கட்டினவன். மேடையில நின்னு மெதுவாப் பேசினாலும் கடைசி பெஞ்சுல கணீர்னு கேக்கும். ம் சொல்லு.

அங்க ராஜபார்ட் வேஷம் கட்டுறவ செங்கமலம். பொம்பளைதான், ஆனா மீசை வச்சு கத்தியோட வந்தா ஊரே எந்திரிச்சு நிக்கும். வெளியில யாரு அவளை மதிச்சா? மாவு மில்லுல வேலை பாக்குறவ, அவ்வளவுதான். அவ ராஜாவா நின்ன இடம் உலகத்துலயே அது ஒண்ணுதான்.

அப்போ வந்தான் பாரு காண்ட்ராக்டர் குப்பமுத்து, கட்டையில போறவன். ஊருக்குச் சொந்தமான கொட்டகையை இடிச்சுட்டு கடை கட்டணுமாம். அந்த மூஞ்சி ஒரு நாடகம்கூடப் பாத்ததில்ல.

"ஒரு ஓடு அசையட்டும், பாக்கலாம்"னா செங்கமலம்.

முதல்ல கரண்டுக் கம்பியைப் பிடுங்கினான். அவ மேல் ஜன்னலையெல்லாம் படார் படார்னு தொறந்தா, வெயில் நேரா மேடையில விழுந்துச்சு. பகல்லயே ஆடினா.

அப்புறம் ஆள் வச்சு கூரையைப் பிரிச்சான். மழை சடசடன்னு கொட்டுச்சு. ஜனம் குடை பிடிச்சுக்கிட்டு நாடகம் பாத்துச்சு, மறுநாள் காலையில அவங்களே ஏறி ஓடு வேஞ்சாங்க. தூங்கிட்டியா? ம், சரி.

அப்புறம் ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்தான். கட்டடம் விழுந்துடும்னு அவர் எழுதிட்டா இடிச்சுடலாம். செங்கமலம் என்ன செஞ்சா தெரியுமா? ஊரையே கூப்பிட்டுக் கடைசி பெஞ்சுகள்ல உக்கார வச்சா.

இன்ஜினியர் சுவரைத் தட்டினார், டங் டங். தூணைத் தட்டினார், டொக் டொக். குப்பமுத்துவுக்கு அவர் காதுல ஏதோ சொல்லணும், சுத்தி ஜனம், முழிக்கிறான்.

"தனியாப் பேசணுமா? மேடைக்குப் போங்களேன், அங்க ஆளே இல்ல"ன்னா செங்கமலம், ஒண்ணும் தெரியாதவ மாதிரி.

ரெண்டு பேரும் மேடை நடுவுல போய் நின்னாங்க. "உஷ்!"னா இவ. ஒருத்தரும் மூச்சு விடல.

குசுகுசு... "யோவ், இது இன்னும் நூறு வருஷம் நிக்கும்யா."

"நிக்கட்டும் சார். நீங்க விழுந்துடும்னு எழுதுங்க. இந்த முட்டாப் பசங்களுக்கு என்ன தெரியும்?"

கடைசி பெஞ்சு பூரா கணீர்! "யாருடா முட்டாப் பய?"ன்னு அத்தனை பேரும் எந்திரிச்சாங்க. இன்ஜினியர் அங்கேயே உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். குப்பமுத்து ஒரு செருப்பை விட்டுட்டு ஓடினான், தடதடதடன்னு.

அப்புறம் செங்கமலம் மேடை ஏறினா. மீசை இல்ல, கத்தி இல்ல, மாவு படிஞ்ச சேலை. "இது எங்க கொட்டகை"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. அதுக்குள்ள திரும்ப உக்காந்திருந்த ஒண்ணு ரெண்டு பேரும் எந்திரிச்சு நின்னாங்க.

கொட்டகை நின்னுச்சு, கதை படுத்துச்சு. நீயும் படு.