அண்ணன் செய்த நாற்காலி

மாசிலாமணிக்குப் பிறவியிலேயே முதுகு இடப்பக்கமாக வளைந்திருந்தது. பஸ் கம்பெனி ஒன்றில் உட்கார்ந்து டிக்கெட் பதிவு செய்வது அவர் வேலை. ஐம்பது வயதைத் தாண்டியதும் உட்காரவே முடியாமல் போனது. மலையடியில் இருந்த தன் குருவிடம் போய் அழுதார். குரு அவரைவிட இளையவர்.

"இந்த மாதம்வரைதான் பொறுப்பாராம் முதலாளி. ஊரிலுள்ள கடையெல்லாம் ஏறி இறங்கிவிட்டேன், சாமி. எந்த நாற்காலியும் எனக்கு ஒத்துவரவில்லை."

"கடையில் என்ன சொன்னார்கள்?"

"'உங்களுக்கு நாற்காலி சரிப்படாதுண்ணே, தொட்டில்தான் கட்டணும்' என்று சிரித்தார்கள்."

"சட்டையைக் கழற்றுங்கள்."

தயங்கித் தயங்கிக் கழற்றினார். குரு அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தார்.

"இதற்குமுன் இந்த முதுகைத் தொட்டவர் யார்?"

"என் அண்ணன். தச்சுவேலை பார்த்தான். தீபாவளிக்குத் தீபாவளி அவன்தான் எண்ணெய் தேய்த்துவிடுவான்."

"அவரிடம் கேட்கவில்லையா?"

"அவன் மகள் கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது, 'தம்பி, நீ பின்னாடி போய் நில்லு' என்றான். சாப்பிடாமல் வந்துவிட்டேன். அவன் சாவுக்கும் நான் போகவில்லை."

"இப்போது போய் வாருங்கள்."

போனார். வாசலில் அவரைப் பார்த்ததும் அண்ணி எழுந்தாள். உள்ளே போய், பழைய சேலை சுற்றிய நாற்காலி ஒன்றை இழுத்து வந்தாள்.

"கல்யாணம் முடிஞ்ச கையோட செஞ்சாரு, தம்பி. கொண்டாந்து குடுக்கப் பயம். 'வருவான், வந்து உக்காருவான்'னு சொல்லிக்கிட்டே கெடந்தாரு. நடுவுல இருக்கிறது ஒரு தெரு. அதைத் தாண்ட உங்க ரெண்டு பேருக்கும் கால் வரல."

சாய்மானத்தில் இடப்பக்கம் குழிவாகச் செதுக்கியிருந்தது. அளவெடுக்காமல், கையின் நினைவிலேயே செய்தது.

மாசிலாமணி உட்கார்ந்தார்.

மறுவாரம் குரு கேட்டார்: "பொருந்தியதா?"

"இல்லை, சாமி. குழிவு சரியான இடத்தில்தான் இருக்கிறது. அவன் அதைச் செய்த பிறகு என் முதுகுதான் இன்னும் வளைந்துவிட்டது. விலாவில் குத்துகிறது. வேலையை விட்டுவிட்டேன்."

"நாற்காலி இப்போது எங்கே?" என்றார் குரு.

"அண்ணி எடுத்துப்போகச் சொல்கிறாள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?"

"அங்கேயே இருக்கட்டும். தினமும் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்."

"வலிக்குமே, சாமி."

"வலிக்கும்" என்றார் குரு.